இந்த வருஷத்து மறுப்பு

உப்பு போட்டேனா? மஞ்சள்தூள் போட்டேன், மிளகாய்த்தூள் போட்டேன், பூண்டு தட்டிப் போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன், அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன், டீச்சர் சரியாகப் பத்துக்கு வந்துவிடுங்கள், தாசில்தார் ஐயா நேரம் தவறாதவர் என்று. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டுத் திரும்பி நேராகச் சட்டியில் எண்ணெய் ஊற்றினேன். நடுவில் உப்பு என்று ஒன்று வந்ததா? மணி பத்தேகால் ஆகிவிட்டது, நேரம் தவறாத தாசில்தார் உள்ளே காபி குடிக்கிறார், கரண்டி கப்பில் தட்டுகிற சத்தம் வெளியே வரை கேட்கிறது. செமினரி முதல்வர் அறைக்கு வெளியே இந்தப் பெஞ்சில் இந்தக் கோடியில் நான், மடியில் டிபன் பாக்ஸ், அதற்குள் ஆறு சாளை மீன், சேலைக்கு மேலாக இன்னும் சூடு தெரிகிறது. அந்தக் கோடியில் மாசிலாமணி அண்ணாச்சி, முழங்கால்களுக்கு நடுவில் குடையை ஊன்றி, அதன் வளைவில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறார். ஜெபமா தூக்கமா என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் பிடிபட்டதில்லை. குறட்டை வந்தால்தான் தெரியும், அப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் மரியாதைக்காக அதை ஜெபம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் போதகர்கள் படிக்கிற இந்தச் செமினரியில் சபை வரலாறு நடத்துகிறவர்கள். ஆதிச் சபையில் யார் என்ன சொன்னார்கள், யார் அதை மறுத்து எழுதினார்கள், யாரைச் சபை வெளியே தள்ளியது, இதுதான் எங்கள் பிழைப்பு. இப்போது அண்ணாச்சியையே வெளியே தள்ளலாமா என்று விசாரிக்க, நிர்வாகக் குழுவிலிருந்து தாசில்தாரைச் சேர்த்து மூன்று பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தள்ளினால் வகுப்பும் போய்விடும், குவார்ட்டர்ஸும் போய்விடும், அவர் மனைவி கிரேனாப்பு மைனி நட்டு வளர்த்த முருங்கையும் அடுப்படி ஜன்னலும் யாருக்கோ போய்விடும், அறுபத்துமூன்று வயதில் குடையோடு எங்கே போவார் இந்த மனிதர். என் கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது. கேள்வியை டைப் அடித்துக் கீழே பதிலுக்கு இடம் விட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். மறுப்பு நாளன்று மாசிலாமணி ஐயா பேசியது பாடத்தின் பகுதியா, அல்லது அவருடைய சொந்த விசுவாசமா, ஒரே சொல்லில் பதில் தரவும். விடப்பட்ட இடம் இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரலுக்குள் எதை எழுத என்றுதான் மூன்று ராத்திரியாக எனக்குத் தூக்கம் இல்லை, மீனுக்கு உப்பு போட்டேனா என்று வேறு இப்போது தெரியவில்லை.

ஆறு சாளை எதற்குக் கொண்டுவந்தேன் என்று யாராவது கேட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எதற்கு என்று எனக்கே தெளிவில்லை, காலையில் எழுந்ததும் கால் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. சீலா மீன் இருந்தால் சீலா வாங்கியிருப்பேன், மைனி சீலாதான் பொரிப்பாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து மூன்றாம் வெள்ளி எங்களுக்கு மறுப்பு நாள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் விளையாட்டுப்போல ஆரம்பித்தது, அப்புறம் செமினரிக்கே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாச்சி வீட்டு நீலப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு சபைக்கு மாறாகப் போதித்த இரண்டாம் நூற்றாண்டு மாறுபாட்டுக்காரராக வருவார். கடவுளுக்கு உடம்பு ஏது, பசி ஏது, ஆணி அடித்தால் நோவு ஏது, சிலுவையில் தொங்கியது வெறும் தோற்றம், நிழலுக்கு வலிக்குமா என்று கேட்டு ஹாலையே ஆட்டுவார். அதற்குப் பிறகு நான் என் அப்பாவின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆதிச் சபையின் ஆசிரியராக எழுந்து, அவர் சொன்னதை ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்லி ஒவ்வொரு வரியாக மறுப்பேன், பழைய காலத்து மறுப்பு எழுதினவர்களின் முறை அதுதான். கடைசியில் ஒரு தட்டில் பொரித்த மீனை நீட்டுவேன். உயிர்த்தெழுந்தவர், ஆவி என்று பயந்து நின்ற சீடர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு மீன் வாங்கித் தின்றாரே, நிழல் மீன் தின்னுமா, அதற்காக. மாறுபாட்டுக்காரர் ஒரு துண்டு எடுத்துத் தின்றால் தோற்றுப்போனார் என்று அர்த்தம், பிள்ளைகள் கைதட்டுவார்கள், மிச்சத் தட்டு அவர்களுக்கு. மைனியின் சீலா வாசனை ஹாலுக்குள் வந்ததுமே முன்வரிசையில் பாதிப்பேர் மாறுபாட்டுக்காரர் சீக்கிரம் தோற்க வேண்டும் என்று உள்ளூர ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வாதத்துக்கு நான் தோற்கலை சுகிர்தம், சீலாவுக்குத்தான் தோற்கேன் என்று அண்ணாச்சி ஒவ்வொரு வருஷமும் சொல்வார், ஒவ்வொரு வருஷமும் மைனி முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பாள். கார்த்திகை மழையில் மைனியை அடக்கம் பண்ணினோம்.

இந்த மறுப்பு எழுதினவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஏனோ பிடிக்கும். ஒவ்வொருவரும் ஒரு சிடுமூஞ்சி, எதிராளியைப் பாம்பு என்பார்கள், ஓநாய் என்பார்கள், அவன் ஊரைத் திட்டி, ஊர்க் குளிரைத் திட்டி, அவன் குருவையும் சேர்த்துத் திட்டுவார்கள். திட்டி முடித்துவிட்டு அவன் எழுதியதை ஒரு வரி விடாமல் எடுத்துப் போடுவார்கள். அவன் எழுதினதெல்லாம் எரிந்துபோயிற்று, கரையானுக்குப் போயிற்று, இன்றைக்கு அவன் குரல் உலகத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால் இந்தச் சிடுமூஞ்சிகளின் பக்கங்களுக்குள் மட்டும்தான் இருக்கிறது. எதிரி வீட்டில் சோறு தின்று உயிரோடு இருக்கிறான். யார் யாரை அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறோம்? சொந்தப் புருஷன் பெண்டாட்டி கேட்பார்களா? எனக்குப் புருஷன் இல்லை, அதனால் சுலபமாகக் கேட்டுவிடுகிறேன். ஆனால் என் வீட்டு அலமாரியில் இருபத்திரண்டு நோட்டு இருக்கிறது, வருஷத்துக்கு ஒன்று. அண்ணாச்சி பேசப்போவதை எனக்கு முந்தின வாரமே எழுதிக் கொடுத்துவிடுவார், நான் இடது பக்கம் அவருடைய வரி, வலது பக்கம் என் பதில் என்று எழுதிக்கொள்வேன். இவருக்கு எழுதினதைப் பத்திரப்படுத்துகிற பழக்கமே கிடையாது, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டுபோய் மைனியின் பலசரக்குச் சிட்டைக்கே எடுத்துக்கொள்வார். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனபிறகு மாசிலாமணி என்று ஒருத்தர் இருந்தார், இப்படியெல்லாம் கேட்டார் என்பதற்கு என் இடது பக்கங்கள்தான் சாட்சி. அந்த இருபத்திரண்டாவது நோட்டில்தான், இந்த வருஷத்து நோட்டில்தான், அவர் ஹாலில் பேசினதற்கு எதிரே வலது பக்கம் காலியாக இருக்கிறது.

அவர் எழுதிக் கொடுத்தபடி பேசவில்லை, முதல் தடவையாக. விரிப்பைக்கூடச் சரியாகப் போர்த்தவில்லை, ஒரு பக்கம் தரையில் இழுபட்டது, அதைச் சரிபண்ண மைனி இல்லை. எழுந்து நின்று பிள்ளைகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு நோகணும்னு நீங்க ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க? நான் நாலு மாசம் ஒரு உடம்பு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன். வயித்துக்குள்ள கட்டி, வாய்க்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாது. நேசிக்கிற ஆளுக்கு அதைக் கொடுன்னு நான் கேட்க மாட்டேன். அவருக்கு நோகலைன்னு சொன்னவன் அவரைப் பகைச்சா சொன்னான்? பார்க்கத் தாங்காமச் சொன்னான். அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார். என் முறை. என் பதில் எனக்கு மனப்பாடம், இருபத்தோரு வருஷமாகச் சொன்ன பதில்தான், அவருக்கு நோகவில்லை என்றால் நமக்கு நோகும்போது அவருக்கு என்ன தெரியும் என்கிற பதில். வாயைத் திறந்தேன், அது வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து நோவு வேண்டியதுதான் என்று எந்த வாயால் சொல்ல? கோட்டுப் பையில் கையை விட்டேன், எடுத்தேன், அப்புறம் ஒரு மறுப்பாசிரியர் இத்தனை நூற்றாண்டில் பண்ணாத காரியத்தைப் பண்ணினேன். மறுப்பைத் தாண்டிவிட்டு நேராக மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். மெஸ்ஸில் வாங்கின மீன், ஆறிப்போனது, மேலே தேங்காய்ப்பூ வேறு போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார். வேண்டாம் சுகிர்தம் என்றார், எழுந்து விரிப்பை இழுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். இதை யாரோ போனில் படம்பிடித்து, அது ஊரெல்லாம் சுற்றியது. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மாறுபாட்டுக்காரர் பேசினார், மறுப்பு இல்லை, மீனும் தின்னவில்லை. செமினரிக்குள்ளேயே தோற்றக் கொள்கை ஜெயித்துவிட்டது என்று தாசில்தாருக்குப் பதினேழு மனு. ஆளைப் பிடித்து விசாரிக்கிறார்கள், ஆனால் தப்பு அவர் பேசியதில் இல்லை. எத்தனையோ வருஷமாக இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறார், அப்போதெல்லாம் நான் பதில் சொன்னேன். இந்த வருஷம் பேசாமல் இருந்தவள் நான். என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், என் தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

"என்ன வாசனை? சாளையா?" கண்ணைத் திறக்காமலே கேட்கிறார். அப்போ தூங்கவில்லை.

"சாளைதான். சீலா வரலையாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான், மத்தியானத்துக்கு."

"ஒத்தை ஆளுக்கு ஆறா?" ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறார். எப்படி எண்ணினார்? மூடி போட்டிருக்கிறேன். காலையில் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நடந்து வந்திருப்பார், ஜன்னல் வழியாகச் சட்டியைப் பார்த்திருப்பார். மூக்குக் கண்ணாடி மைனியுடையது, தன்னுடையதை மூன்று மாசமாகத் தேடிக்கொண்டிருக்கிறார், பூப்போட்ட சட்டம், அதைப் போட்டுக்கொண்டு ஒரு விசாரணைக் குழுவுக்கு முன்னால் போகப் போகிறார். கழற்றச் சொல்லலாமா? வேண்டாம், இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது.

"சுகிர்தம், உள்ள கேட்டா பாடம்னே சொல்லிரு. பொய் சொல்ல மனசு வரலைன்னா உள்ளதைச் சொல்லிரு. எப்படின்னாலும் எனக்கு உன்மேல வருத்தம் வராது, கேட்டியா?"

"உள்ளது என்ன அண்ணாச்சி?"

குடை வளைவில் தாடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டுகிறார். "அதுதான் எனக்கே தெரியமாட்டேங்கு" என்கிறார், மறுபடியும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

உள்ளது என்ன என்று உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி, எனக்குத் தெரியும், அதுதான் இந்தப் பெஞ்சில் எனக்குக் குத்துகிறது. நாலு மாசம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னீர்களே, நீங்கள் பார்த்தது பாதிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மைனி உங்களைக் குளிக்க வீட்டுக்கு அனுப்பி வைப்பாள், வேர்வை நாறுது போங்க என்று கையை ஆட்டி விரட்டுவாள், நாலு மணிவரை நான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து லிஃப்ட் கதவு மூடுகிறவரை காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். போய்ட்டாவளா என்பாள். போய்ட்டாங்க மைனி என்பேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். அந்தச் சத்தத்தை எதோடும் ஒப்பிட எனக்கு இஷ்டமில்லை, என் மைனியின் சத்தம், அவ்வளவுதான். பல்லைக் கடிப்பாள், கட்டில் கம்பியைப் பிடிப்பாள், என் கையைப் பிடித்தால் நகம் பதியும், இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது, கைக்கடிகாரத்துக்குக் கீழே மறைத்து வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் நாள் முழுவதற்கும் முனங்கித் தீர்த்துவிட்டு, மூணே முக்காலுக்கு முகத்தைத் துடைக்கச் சொல்வாள், தலை சீவச் சொல்வாள், நீங்கள் வரும்போது இன்னைக்குப் பரவாயில்லை என்று சிரிப்பாள். நோகாத மாதிரி ஒரு தோற்றம், உங்கள் ஒருவருக்காக. இரண்டாம் நூற்றாண்டுக்காரன் கடவுளுக்குப் பண்ணினதை அவள் தனக்குத் தானே பண்ணிக்கொண்டாள். ஒருநாள் நான் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றும்போது எதிர்ச் சுவரில் தொங்கின சிலுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அவருக்கும் இப்படித்தானட்டீ தாகம் எடுத்திருக்கும், தண்ணி கேட்டார்லா. அப்ப அவருக்குத் தெரியும். நான் ஒண்ணும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் முனங்காமல் கிடந்தாள். அண்ணாச்சி, என் இருபத்தோரு வருஷத்து வலது பக்கம் எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு பதிலுக்குப் பக்கத்தில் வராது, செமினரிப் படி மிதிக்காத பொம்பளை சொன்னது. ஹாலில் அன்றைக்கு என் வாயில் வந்து நின்றது இதுதான். சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதற்கு அடுத்ததாக அவள் சொன்னது, அவியகிட்ட சொல்லிராதட்டீ, தாங்க மாட்டாவ, சத்தியம் பண்ணு. சத்தியம் பண்ணினேன். அப்புறம் எப்படிச் சொல்ல? சொன்னால் உங்களுடைய நாலு மாசமும் வேறு நாலு மாசமாகிவிடும். சொல்லாவிட்டால் நீங்கள் இந்த விரிப்பை இழுத்துக்கொண்டே நடப்பீர்கள். பாடம் என்று எழுதிவிடலாம், மூன்றெழுத்து, இரண்டு விரலுக்குள் அடங்கும், வேலை தப்பும், முருங்கை தப்பும். ஆனால் இவருக்குப் பதில் கிடைக்காது. பேசினதற்குப் பதில் வராமல் ஒருத்தரை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று அந்தச் சிடுமூஞ்சிகளுக்குத் தெரியும், அதனால்தானே கட்டுக்கட்டாக எழுதினார்கள். மைனி, நீ கோபித்துக்கொள்வாயா? கோபித்துக்கொள். மேலே வந்து காலில் விழுகிறேன். ஐயோ, உப்பு போடவில்லை, இப்போது நிச்சயமாகத் தெரிகிறது, உப்பு ஜாடியின் மூடி காலையில் திறக்கவே இல்லை, அதன்மேல் வைத்த எலுமிச்சைத் தோல் அப்படியே கிடந்தது.

"ரெண்டு பேரும் வாங்க" என்று ஆபீஸ் அம்மா கதவைத் திறக்கிறாள். அண்ணாச்சி குடையை ஊன்றி எழுந்திருக்கிறார், ஒரு தடவையில் முடியவில்லை, இரண்டாவது தடவையில் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். உள்ளே தாசில்தார் அருமைராஜ் ஐயா நடுவில், இரண்டு பக்கமும் வேறு இரண்டு பேர். ரிட்டையராகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் மேசையைப் பட்டா விசாரணைக்கு வைப்பதுபோல வைத்திருக்கிறார், பேனா ஒரு பக்கம், முத்திரை ஒரு பக்கம். எங்களை உட்காரச் சொன்னார். காபி கொடுக்கச் சொன்னார், பரவாயில்லை நல்ல மனுஷன். பிறகு என் தாளை வாங்கிப் பார்த்தார், காலியாக இருந்தது.

"டீச்சர், ஒரே சொல்தான் கேட்டிருக்கோம். பாடமா, விசுவாசமா?"

"ஐயா, வருஷா வருஷம் அண்ணாச்சி பேசுவாங்க, நான் மறுப்பேன். இந்த வருஷம் நான் மறுக்கலை. குத்தம் என்னுது. மறுப்பு பாக்கி இருக்கு. அதை இப்பச் சொல்ல அனுமதி கொடுங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பாக்கி இருக்கிற நடவடிக்கை என்றால் அவருக்குப் புரியும். "சொல்லுங்க" என்றார். நான் நாற்காலியை அண்ணாச்சி பக்கம் திருப்பிப் போட்டேன். பூப்போட்ட கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன், மணிக்கட்டைக் காட்டினேன், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நடந்ததைச் சொன்னேன், செருப்புச் சத்தத்தை, போய்ட்டாவளா என்றதை, மூணே முக்காலுக்குத் தலை சீவினதை. சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, நடுவில் நின்று நின்று சொன்னேன். பஞ்சு, சிலுவை, தாகம், அவருக்குத் தெரியும்லா, நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்றதை மைனி சொன்ன மாதிரியே சொன்னேன். "இதுதான் அண்ணாச்சி என் மறுப்பு. என்னுது இல்ல, மைனிது. உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன்." அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குடையைக் காலுக்கு நடுவிலிருந்து எடுத்து மெல்லத் தரையில் படுக்க வைத்தார். பிறகு கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. மடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து கொடுத்தேன்.

ஒரு சாளையை எடுத்து, தலையைக் கிள்ளி மூடியில் வைத்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார். தாசில்தார் பார்த்துக்கொண்டே இருந்தார், மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "உப்பு போடலை அண்ணாச்சி, மறந்துட்டேன்" என்றேன். தலையை ஆட்டினார், மென்றார்.

"ஐயா, இப்ப நீங்களே சொல்லிருங்க" என்றார் தாசில்தார், குரலைத் தணித்துக்கொண்டு. "உங்க விசுவாசம் என்ன?"

"வாயில முள்ளு கெடக்கு" என்றார் அண்ணாச்சி. "கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். விரலை விட்டு முள்ளை எடுத்தார், வைக்க இடம் தேடினார், மேசையில் கிடந்த என் தாளின் அந்த இரண்டு விரல் இடத்தில் வைத்தார். தாசில்தார் அந்த முள்ளையும் தாளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த வழக்கத்தைப் பற்றி அவருக்கு யாரோ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மீன் தின்றால் என்ன அர்த்தம் என்று. "மறுப்பு முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டார். முடிஞ்சுது ஐயா என்றேன். பேனாவைத் திறந்து, தானே சொல்லிக்கொண்டு தானே எழுதினார், மறுப்புரை இன்று வழங்கப்பட்டது, எதிர்த்தரப்பார் மீன் உண்டார், மேல் நடவடிக்கை தேவையில்லை. முத்திரையை ஊதிக் குத்தினார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தாசில்தார் அவருக்குக் காபியை நகர்த்தி வைத்தார்.

அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டமாதிரி தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அதன் பூப்போட்ட சட்டத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ரொம்ப முனங்குனாளா?"

மைனி, இதற்கு நீ என்ன சொல்லச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

"ரொம்ப, அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், இன்னொரு சாளையை எடுத்தார்.